போர்டுல நாலு, ரூம்ல ஏழு

வாத்தியார் வேலையில இருக்குற ஒரே சுகம், கேள்வி நாம கேக்கலாம், முழிக்கிறது அடுத்தவங்க பாடு. அந்த ஒரு சுகத்தையும் புடுங்கிக்கிட்டுப் போன பன்னிரண்டு வாரத்தைப் பத்தித்தான் சொல்லப் போறேன். 'பணியிடைப் பயிற்சி'ங்கிற வார்த்தையைக் கேட்டதுமே கொட்டாவி வர்ற ஆளா நீங்க? அப்ப நம்ம கூட்டந்தான். நகர்ந்து உக்காருங்க, நானும் உக்காந்துக்கிறேன்.

ரெண்டாயிரத்து எட்டு வாக்குல நடந்தது. கரண்டு வந்தா வீட்டுல எல்லாரும் "ஏ... வந்துருச்சு!"னு கத்துற காலம். நான் விருதுநகர்ல இருந்து தினம் பஸ் ஏறி, ஆமத்தூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சமூக அறிவியல் டீச்சரா போய்க்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்ல மாட்டேன். தாளாளர் வீட்டுக் கல்யாணத்துல பிரியாணி நல்லா இருக்கும், அந்தப் பத்திரிகையை நான் இழக்க விரும்பல. அவருக்குப் பட்டாசுக் கம்பெனி ஒண்ணு, சிவகாசியில அச்சாபீஸ் ஒண்ணு, அப்புறம் நாங்க. 'தாளாளர்'னு லெட்டர்லதான் எழுதுவோம். வாயில வர்றது 'மொதலாளி'தான்.

ஏழு வருசமா நான் அங்க டெம்பரவரி. எங்க அத்தா பாத்திரக்கடையில இருக்குற தராசுகூட என்னையவிட நிரந்தரம். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தா, என் பேரு எந்த ரிஜிஸ்தர்லயும் கிடையாதுங்கிறதால, ஹெட்மாஸ்டர் என்னைய லைப்ரரிக்குள்ள உக்காத்தி வெளியில கொண்டி போட்டுருவாரு. அதிகாரி போற வரைக்கும் நான் இருமக்கூடாது. அங்கன உக்காந்தே லைப்ரரியில இருந்த புத்தகம் அம்புட்டையும் படிச்சு முடிச்சேன்.

அந்த வருசம் பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்துல எல்லா டீச்சரும் மெட்ராஸ்ல இருந்து நடத்துற ஒரு ஆன்லைன் படிப்புல சர்ட்டிபிகேட் வாங்கிட்டாகன்னு மொதலாளி காதுல விழுந்துச்சு. 'சமூக அறிவியலில் தேடல்வழிக் கற்றலும் வகுப்பறைத் தொழில்நுட்பமும்'. பேரைச் சொல்லி முடிக்கவே ஒரு பீரியடு ஆகும். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணுன ஒரே ஆளுங்கிறதால என்னையக் கூப்பிட்டாரு. "நம்ம ஆளுக பன்னிரண்டு பேரும் பாஸாகணும். ஒரு ஆளு கொறஞ்சாலும் கதை கெடையாது. எல்லாரும் வாங்கிட்டா உங்களுக்கு நிரந்தர ஆர்டர். போங்க, வேலையப் பாருங்க"ன்னாரு. நானும் போனேன். அப்புறம் நடந்ததெல்லாம் என் தலையெழுத்து.

தட்டு நீட்டிய கம்ப்யூட்டர்

எங்ககிட்ட நாலு கம்ப்யூட்டர் இருந்துச்சு. மொதலாளி குடுத்து ரெண்டு வருசம். ஒருத்தரும் தொட்டதில்ல. ரூமுக்குள்ள செருப்பு போட்டுப் போகக்கூடாது. ஒவ்வொண்ணுக்கும் பூப்போட்ட துணியில உறை, கீழ சுருக்கு வச்சுத் தச்சிருந்தாக. ஆயுத பூசைக்கு மட்டும் உறையைக் கழட்டி, சந்தனம் குங்குமம் வச்சு, மறுபடி மாட்டிருவாக. சாவி ஹெட்மாஸ்டர் அரைஞாண்கயித்துல.

மொத நாளு திறந்தா, மூணு ஓடுது, ஒண்ணு கெர்ருனு உறுமிக்கிட்டு நிக்குது. சிவகாசியில இருந்து மெக்கானிக் வந்து கழட்டிப் பாத்தா, உள்ளார பொரி, பொட்டுக்கடலை, காஞ்ச செவ்வந்திப் பூ, ரெண்டு சிட்டிகை திருநீறு. மெக்கானிக் அந்தாளு வாழ்க்கையில அப்பிடி ஒண்ணைப் பாத்ததில்ல. "யாரு சார் இந்த வேலையப் பாத்தது?"னு கேட்டாரு. சிடி போடுற தட்டு இருக்குல்ல, போன ஆயுத பூசை அன்னிக்கு யாரோ கை பட்டு அது தன்னால வெளிய வந்திருக்கு. அப்ப பூசைச் சாமானோட எதிர்க்க நின்னது எங்க ஹெட்மாஸ்டர்.

அவரு கொஞ்சங்கூடக் கூச்சப்படல. "தட்டை நீட்டுச்சுய்யா. நீட்டுன தட்டுல ஒண்ணும் வைக்காம அனுப்புறது மரியாதையா?"

வந்தேன்

அந்தப் படிப்புல 'கலந்துரையாடல் பலகை'ன்னு ஒண்ணு உண்டு. மெட்ராஸ்ல இருக்குற மேடம் ஒரு கேள்வி போடுவாக. நாம நம்ம கருத்தை எழுதணும், அடுத்தவுக எழுதுனதுக்குப் பதிலும் எழுதணும். மொதக் கேள்வி, 'உங்கள் ஊரில் உங்களை வியக்க வைத்த ஒன்று எது?' எங்க ஹெட்மாஸ்டர் ஸ்கிரீனை ஒரு நிமிசம் உத்துப் பாத்தாரு. ஆளு பேரு, பக்கத்துல தேதி, மணி. முப்பது வருசமா அவரு தினம் காலையில பாக்குற சமாச்சாரந்தான் அது. "இது அட்டெண்டன்ஸ்லா!"ன்னாரு. அம்புட்டுத்தான். ஒம்பதரைக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு உத்தரவு.

நாங்க அடிச்சாத் தமிழ் எழுத்து அதுல வராது. இங்கிலீசு எழுத்துலயே பத்துப் பேரு வரிசையா 'வந்தேன்', 'வந்தேன்'னு போட்டாக. கடைசியில ஹெட்மாஸ்டர் 'பார்வையிட்டேன்'னு போட்டாரு. ஒரு ஆளு 'பஸ் லேட், மன்னிக்கவும்'னு போட்டுச்சு. அந்த ஆளு நான்தான்.

எங்க சீனியர் தவமணி சார் திருச்செந்தூர் போறதுக்காக ஒரு வாரத்து 'வந்தேனை' முன்கூட்டியே மொத்தமாப் போட்டு வச்சுட்டாரு. மெட்ராஸ் மேடம் பாவம், 'அனைவரின் பங்கேற்பும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இன்னும் சற்று ஆழமாக எழுத வேண்டுகிறேன்'னு போட்டாக. நான் அதைச் சத்தமா வாசிச்சேன். தவமணி சார் மூக்குப்பொடியை உதறிட்டு என்னையப் பாத்தாரு.

"ஏம்மா, வந்துட்டேன்னு சொல்லுதேன். இதுக்கு மேல ஆழமா எப்பிடி வர்றது?"

என் சொந்தக் கேள்வி

நாலாவது வாரம். பிள்ளைக தாங்களாவே ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்கணும், டீச்சர் குறுக்க வரக்கூடாது. கேள்விதான் முக்கியம், விடை அப்புறம். இதைத் தவமணி சாருக்குப் புரிய வைக்க எனக்கு ரெண்டு டீ செலவாச்சு. அவரு நோட்ஸ் சொல்லியே ரெண்டு தலைமுறையைக் கரையேத்துன ஆளு. 'அசோகர் மரம் நட்டார், கமா, குளம் வெட்டினார், புள்ளி'ன்னு அவரு சொன்னா ஆமத்தூரு வரைக்கும் கேக்கும்.

"புரிஞ்சுருச்சும்மா, பிள்ளைக சொந்தமாக் கேக்கணும், அம்புட்டுத்தான"ன்னு கிளாசுக்குள்ள போனாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே சொல்றாரு: "எல்லாரும் எழுதுங்கலே. தலைப்பு, என் சொந்தக் கேள்வி. அடிக்கோடு. நம் ஊரில் மழை ஏன் குறைவாகப் பெய்கிறது, கேள்விக்குறி." நாப்பது பிள்ளைகளும் தலையைக் குனிஞ்சு அவங்கவங்க சொந்தக் கேள்வியை எழுதுதுக. எனக்குச் சிரிக்கிறதா சுவத்துல முட்டிக்கிறதான்னு தெரியல. அந்நேரம் பின் பெஞ்சுல ஒரு கை உசந்துச்சு.

"சார், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார். என் சொந்தக் கேள்வியில பாதி விட்டுப் போச்சு."

சந்தேகமே இல்லாதவர்கள்

ஏழாவது வாரம் மேடத்தோட நேரடியா டைப் அடிச்சுப் பேசுற நிகழ்ச்சி. நம்ம நேரம், கரெக்டா அந்நேரத்துக்குக் கரண்டு கிடையாது. மொதலாளியோட அச்சாபீஸ்ல ஜெனரேட்டர் உண்டு. காலண்டர் சீசன் ஆரம்பிச்சிருந்துச்சு. மிசினு தடதடன்னு ஓடுது, தரையெல்லாம் மை காயாத முருகனும் லட்சுமியும் விரிச்சுக் கெடக்காக. பன்னிரண்டு வாத்தியாருக சாமி மேல மிதிச்சுராம ஓரமா நடந்து, பாண்டிங்கிற ஆபரேட்டரு தம்பியோட கம்ப்யூட்டரைச் சுத்தி நின்னோம். நான் டைப், ஹெட்மாஸ்டர் தலைமை.

மேடம் 'ஏதாவது சந்தேகம் உண்டா?'னு கேட்டாக. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உங்களுக்கே தெரியும். மேல இருந்து வர்றவுக சந்தேகம் கேக்கச் சொன்னா, கேக்கக்கூடாது. கேட்டா அவுக சொன்னது புரியலைன்னு ஆயிரும், சாப்பாட்டுக்கும் லேட்டாகும். "ஒரு சந்தேகமும் இல்லைன்னு போடும்மா"ன்னாரு ஹெட்மாஸ்டர். போட்டேன். மேடம் வேற மாதிரி கேட்டாக. இல்லைன்னு போட்டேன். பாடம் பாடமாக் கேட்டாக. இல்லை, இல்லை, இல்லை. முக்கால் மணி நேரம். கடைசியில மேடம் பொறுமை போச்சு. 'சந்தேகமே இல்லாதவர்கள் எதற்குத் தேடல்வழிக் கற்றல் படிக்கிறீர்கள்?'னு வந்து நின்னுச்சு.

ஹெட்மாஸ்டர் அதை ரெண்டு தடவை படிச்சு, தலையை ஆட்டுனாரு. "நல்லாக் கேட்டாக. எல்லாரும் கை தட்டுங்க. அதையும் டைப் பண்ணும்மா."

எது தப்பு?

இதுவரைக்கும் சிரிச்சீங்கல்ல, நானும் சிரிச்சேன். ஒம்பதாவது வாரம் என் சிரிப்பு நின்னுச்சு. கடைசி வேலை, ஒவ்வொரு டீச்சரும் தன் வகுப்போட கேள்வியை எடுத்து, பிள்ளைகளை விட்டுச் சான்று தேடி, விடையை அனுப்பணும். அதை அனுப்புனாத்தான் சர்ட்டிபிகேட். பதினோரு பேரு மழை, ஆலங்குளம் சிமெண்டு பேக்டரி, காமராசர்னு வம்பில்லாமக் கரை ஏறிட்டோம். மிச்சம் கனகா. எங்கள்ல சின்னவ, எட்டாம் வகுப்பு டீச்சர். அச்சங்குளம் பக்கத்துப் பிள்ளை, அவ அம்மா பட்டாசுக்குத் திரி பின்னி அவளைப் படிக்க வச்சாக. எங்க பன்னிரண்டு பேர்ல அந்தப் பாடத்தை நெசமாவே படிச்ச ஒரே ஆளு அவதான். அதுதான் வினையே.

"தினம் பாக்குறீக, ஆனா புரியல, அப்பிடி ஒண்ணைக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு வாயை மூடிட்டு உக்காந்துட்டா. பிள்ளைக மொதல்ல திருதிருன்னு முழிச்சிருக்குக. அப்புறம் ஒண்ணொண்ணா வந்திருக்கு. பஸ் ஏன் நம்ம ஸ்டாப்புல நிக்காமப் போகுது? ஊருக்கெல்லாம் பட்டாசு செய்யுற நாம ஏன் தீபாவளிக்குக் கம்மியா வெடிக்கிறோம்? கடைசியா மாரீஸ்வரின்னு ஒரு பிள்ளை எந்திரிச்சிருக்கு. அவ அம்மா வேலை பாக்குறது எங்க மொதலாளி கம்பெனியில. சாப்பாட்டுத் தூக்கு குடுக்கப் போறப்ப வாசல் போர்டை வாசிச்சிருக்கா.

"டீச்சர், போர்டுல நாலு பேர் மட்டும்னு எழுதியிருக்கு. எங்கம்மா ரூம்ல ஏழு பேரு. போர்டு தப்பா, எங்கம்மா தப்பா?"

ஏழாவது ஆளு

வெளியூர்க்காரவுகளுக்கு ஒரு வார்த்தை. பட்டாசு மருந்து வச்சு வேலை பாக்குற ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக்கூடாதுங்கிறது சட்டம். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நாலோட போகட்டும்னுதான். நாலு பக்கமும் கதவு வச்சிருப்பாக, எந்திரிச்சு ஓடுறதுக்கு. ஏழு பேரு உக்காந்தா கதவுக்கு முன்னாடி முழங்காலுதான் இருக்கும். சீசன்ல ஆர்டரு நெருக்குறப்ப ஏழு ஆகும், எட்டு ஆகும். எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் எண்ணுறதில்ல.

அந்தப் பிள்ளைக எண்ணிருச்சுக. யாரு யாரு அம்மா, சித்தி, அக்கா எந்த ரூம்ல இருக்காகன்னு கேட்டு, தப்பா அச்சடிச்ச பட்டாசு லேபிள் தாளோட பின்பக்கத்துல கோடு போட்டுக் கணக்கு வச்சிருக்குக. ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்கிட்டயாவது விசாரிச்சு ஒத்துப் பாத்திருக்குக. மெட்ராஸ் மேடம் பாத்தா ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பாக. எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. எட்டு ரூமு, ஒண்ணுலகூட நாலு இல்ல. கம்பெனி எங்க மொதலாளியோடது.

கனகாவைக் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போனேன். "கிறுக்கு புடிச்சிருச்சாடி உனக்கு? கேள்வியை மாத்து. பஸ் ஏன் நிக்கலைன்னு எழுது. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் ஆர்டரும் போச்சு, உன் வேலையும் போச்சு"ன்னு கத்துனேன். மாட்டேன்னுட்டா. அழுதா, ஆனா மாட்டேன்னுட்டா. அவ அனுப்பலைன்னா பதினோரு பேருதான் பாஸ், எனக்கு ஆர்டர் இல்ல. அனுப்புனா இருக்குற டெம்பரவரியும் இல்ல. "கேள்விய மாத்தக்கூடாதுன்னு நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீக"ன்னா. "நான் டைப்தான்டி அடிச்சேன்!"னு கத்துனேன். அப்ப அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சத்தமே இல்லாமச் சொன்னா.

"ரூமுக்கு மூணு பேரு எந்த ரிஜிஸ்தர்லயும் கெடையாதுக்கா. அதிகாரி வந்தா அவுகளைப் பின்னாடி கருவேலங்காட்டுல போயி உக்காரச் சொல்லிருவாக. உங்களை லைப்ரரியில உக்காரச் சொல்லுற மாதிரி."

ஜிலேபி

அன்னிக்குச் சாயங்காலம் பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சும் தூங்கல. எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. கோவமும் வந்துச்சு, யாரு மேலன்னுதான் தெரியல. விருதுநகர்ல இறங்குறப்ப நான் பெரிய வீராங்கனையா மாறி இறங்கினேன்னு நினைச்சுராதீங்க. பயம் அப்பிடியே இருந்துச்சு. 'சரி, அனுப்பித் தொலைவோம். மெட்ராஸ் மேடம் ஒருத்தர்தான் பாக்கப் போறாக. மொதலாளி எங்க ஆன்லைன்ல போய்ப் படிக்கப் போறாரு'ன்னு கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். வேற எடத்துலதான் பிசகுச்சு.

கனகாவோட அறிக்கையைத் தமிழ்ல டைப் பண்ணி பைலா அனுப்புனோம். எங்க கம்ப்யூட்டர் எழுத்து அங்க போனா ஒரே வளையமும் கொக்கியும், ஜிலேபி சுட்ட மாதிரி இருக்காம். 'படமாக அனுப்ப முடியுமா?'னு மேடம் கேட்டாக. பிள்ளைக உக்காந்து பெரிய சார்ட்டுல கம்பெனியை வரைஞ்சிருச்சுக. எட்டு ரூமு, ஒவ்வொரு வாசல்லயும் '4' போட்ட போர்டு, உள்ள பொம்பளைக. மஞ்சச் சேலை, பச்சைச் சேலை, கொண்டையில பூ, கையில அலுமினியப் பவுடரு மினுக்குறதுக்குச் சிகரெட்டு அட்டை வெள்ளித்தாளை வெட்டி ஒட்டியிருந்துச்சுக. எத்தனை பேரோ அத்தனை பேரு, ஒண்ணு கூடுதலும் இல்ல, கொறைச்சலும் இல்ல. அழகுன்னா அம்புட்டு அழகு. பள்ளிக்கூடத்துல ஸ்கேனர் ஏது? அச்சாபீஸ்லதான் இருக்கு. மொதலாளி ஊர்ல இல்லைன்னு பாண்டி சொன்னதை நம்பி நானும் கனகாவும் போனோம்.

ஸ்கேன் பண்ணி, மேடத்துக்கு அனுப்பி முடிச்சு, படம் இன்னும் ஸ்கிரீன்ல இருக்கு. பின்னாடி ஆளு வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. மொதலாளி. கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுட்டு, கையில காலண்டர் மாதிரிகளை வச்சுக்கிட்டு. அவரு சலிச்சுப் போயிருந்தாரு. வருசா வருசம் அதே முருகன், அதே குழந்தை, டீலருக புதுசாக் கேக்குறாகன்னு. ஸ்கிரீனைப் பாத்தாரு. "யாரு வரைஞ்சது?" "நம்ம பிள்ளைக சார்." "அட! நம்ம கம்பெனி மாதிரியே இருக்கு!" "நம்ம கம்பெனிதான் சார்." கண்ணாடி நெத்தியிலயே இருக்கு. "எம்புட்டு நெறைவா இருக்கு! எல்லாரும் சிரிச்ச மொகமா, லட்சணமா... ஏலே பாண்டி, தினசரிக் காலண்டருக்கு இதைப் போடுலே." கனகா என் முழங்கையைக் கிள்ளுறா. ஒரு வார்த்தை, 'கண்ணாடியைப் போட்டுப் பாருங்க சார்'னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. கருவேலங்காடு ஞாபகம் வந்துச்சு, லைப்ரரிக் கொண்டி ஞாபகம் வந்துச்சு. மொதலாளி என்னையப் பாத்து, "இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லல்ல?"ன்னாரு. "பிள்ளைக பாத்ததைத்தான் சார் வரைஞ்சிருக்குக"ன்னேன். அவருக்குப் பூரிப்புத் தாங்கல.

"அதான் வேணும்! அடியில கொட்டையா எழுதிருலே, எங்கள் நிறுவனம், எங்கள் மாணவர்களின் பார்வையில்!"

படம் கிழியாது

பன்னிரண்டு பேருக்கும் சர்ட்டிபிகேட் வந்துச்சு. கனகாவோட வேலையை மேடம் தனியாப் பாராட்டி எழுதியிருந்தாக. ஹெட்மாஸ்டர் அதுக்குக் கீழ 'பார்வையிட்டேன்'னு போட்டாரு. என் ஆர்டர் வரல. நான் கேக்கவும் இல்ல. கையில டைம் பாம் வச்சிருக்கிறவ பிரமோசனா கேப்பா?

தினசரிக் காலண்டர்ல தாளைத்தான் கிழிக்கலாம். மேல இருக்குற படம் வருசம் பூரா தொங்கும். அச்சடிச்சு, லாரி ஏறி, வடக்க இருக்குற டீலருக அம்புட்டுப் பேருக்கும் போயாச்சு. எங்க ஊரு வழக்கம் இன்னொண்ணு, மொதக் காலண்டர் அதிகாரிகளுக்கு. இனிப்புப் பெட்டியோட மொதலாளியே நேர்ல போயி, கம்பெனிகளை ஆய்வு பண்ணுற அதிகாரி ஆபீஸ்ல குடுத்து, தன் கையாலயே ஆணியில மாட்டிட்டும் வந்திருக்காரு. அந்த அதிகாரிக்குக் கண்ணாடி மூக்கு மேலயே இருந்திருக்கு. பத்து நாள் எதிர்க்க உக்காந்து பாத்திருக்காரு. பதினோராம் நாளு மொதலாளிக்குப் போன். "படம் நல்லா இருக்குய்யா. போர்டும் தெளிவா இருக்கு, ஆளுகளும் தெளிவா இருக்காக. அடுத்த மாசம் வர்றேன். உள்ள நாலு பேரு இருக்கணும், வெளிய கருவேலங்காட்டையும் ஒரு சுத்து சுத்திப் பாப்பேன்."

மறுநாளு என்னையும் கனகாவையும் கூப்பிட்டு விட்டாரு. ஹெட்மாஸ்டர் கூடவே வந்து, எங்களுக்கு முன்னாடி வேர்த்தாரு. மேசை மேல காலண்டர். கண்ணாடி இப்ப மூக்குல. ஒவ்வொரு ரூமா வெரலை வச்சு எண்ணிக்கிட்டு இருந்தாரு. "ஏழு... ஏழு... இங்கன எட்டு. தப்பில்லாம எண்ணியிருக்குக, களவாணிக"ன்னாரு. கனகா, "நான்தான் சார், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னா. "எல்லாம் எனக்குத் தெரியும் சார்"னு நான் சொன்னேன். எங்க இருந்து அந்தத் தைரியம் வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. காலண்டரைக் குப்புறக் கவுத்திப் போட்டாரு. எனக்கு அத்தா கடைத் தராசு கண்ணுக்கு முன்னாடி ஆடுது. அப்புறம் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்புனாரு.

"இந்தம்மாவ வெளிய அனுப்புனா வெளியில நின்னு கேள்வி கேக்கும். உள்ள வச்சிருந்தா நம்மளோடயாவது போகும். நிரந்தர ஆர்டர் அடிங்கய்யா. அந்தச் சின்னப் பிள்ளைக்கு நெட்டு இல்லாத கிளாஸாப் பாத்துக் குடுங்க."

பஸ் ஸ்டாப்பு

மொதலாளி திருந்திட்டாருன்னு சொல்ல வரல. அதிகாரி சொன்ன தேதிக்கு முன்னாடியே புது ரூமுக்கு மனுப் போட்டாரு, அதுவரைக்கும் கூடுதல் ஆளுகளை மருந்து இல்லாத லேபிள் ஒட்டுற கொட்டகைக்கு மாத்துனாரு. பேரெல்லாம் ரிஜிஸ்தர்ல ஏறுச்சு. என் பேரும் ஏறுச்சு. அந்த வருசம் கல்வி ஆய்வு வந்தப்ப பழக்க தோசத்துல நானே லைப்ரரிக்கு நடந்தேன். ஹெட்மாஸ்டர் ஓடி வந்து மறிச்சாரு. கிளாஸ்ல நின்னு பாடம் நடத்துறப்ப அழுகையா வந்துச்சு. அதிகாரி என்னம்மா ஆச்சுன்னு கேட்டாரு, சாக்பீஸ் தூசின்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் பஸ் வழக்கம்போல எங்க ஸ்டாப்புல நிக்காமப் போச்சு. அங்கன நின்னுக்கிட்டு இருந்தப்ப ஒரு பொம்பளை பக்கத்துல வந்து நின்னாக. வெரல் நுனியெல்லாம் வெள்ளியா மினுக்குது. மாரீஸ்வரி அம்மா. "சவுக்கியமா இருக்கீகளா டீச்சர்?"னு கேட்டாக. அப்புறம் ஏதோ ரகசியம் சொல்ற மாதிரி என் பக்கம் சாஞ்சாக.

"நேத்து கம்பெனிக்கு அதிகாரி வந்தாக டீச்சர். இந்தத் தடவை நான் காட்டுக்குள்ள ஓடல. உள்ளயே உக்காந்திருந்தேன். என் பேரைக் கேட்டாக, சொன்னேன்."

பன்னிரண்டு வார ஆன்லைன் படிப்புல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்: பிள்ளைகளுக்குக் கேள்வி கேக்கச் சொல்லிக் குடுக்குறதுக்கு முன்னாடி, வாத்தியார் தன் வேலைக்கு நிரந்தர ஆர்டரும் மொதலாளி நெத்தியில ஒரு கண்ணாடியும் இருக்கான்னு பாத்துக்கிறது நல்லது.